கோளரங்கக் காட்சிகள்: எது அளந்தது, எது சேர்த்தது? – கேள்வி பதில்

கோளரங்கங்களுக்கும் அறிவியல் மையங்களுக்கும் வானியல் காட்சிகள் தயாரிப்பது என் பணி. உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் வண்ணங்கள் கணினியில் பூசியவை என்கிறார்களே. அப்படியானால் அவை பொய்தானே? – கல்லூரி மாணவர்

பொய் இல்லை. ஆனால் அங்கே போய் நின்றாலும் உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரியாது. வெப் பெரும்பாலும் பதிவு செய்வது அகச்சிவப்பு ஒளியை. அது நம் கண்ணுக்கு எட்டாது. ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். அவற்றில் நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பும் குறுகியதற்கு நீலமும் கொடுக்கிறார்கள். வானவில்லின் வரிசை அப்படியே காக்கப்படுகிறது.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற வாயு மேகப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். அதில் பதிவான ஹைட்ரஜன் ஒளி உண்மையில் சிவப்பு. கந்தகத்தின் ஒளியும் சிவப்பே. இரண்டையும் உள்ளபடியே விட்டால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. அழகுக்காக மட்டும் நிறம் மாற்றப்படவில்லை. அந்த நிறத்தில் தகவல் இருக்கிறது.

2019-இல் வெளியான எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகளில் பதிவானது. அதன் ஒளிர்வு, அளவீடுகளிலிருந்து கணக்கிட்டது. ஆரஞ்சு நிறம் தேர்ந்தெடுத்தது. காட்சியில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லாமல் விட்டால், பின்னாளில் யாரோ "எல்லாம் கணினி வேலை" என்று சொல்லும்போது காட்சியைப் பார்த்த பிள்ளை நம்மையும் சேர்த்துச் சந்தேகிக்கும். அதை என்னால் ஏற்க முடியாது.

குவிமாடத்தின் உட்புறம் ஏன் தூய வெள்ளையாக இல்லை?

வெள்ளையாக இருந்தால் ஒரு பக்கம் விழும் ஒளி சிதறி எதிர்ப்பக்க இருட்டை வெளுக்கச் செய்துவிடும். அதனால்தான் சாம்பல் பூச்சு.

பாடநூல் படத்தில் கோள்கள் நெருங்கி நிற்கின்றன. உண்மையான இடைவெளியை ஆறாம் வகுப்புக்கு எப்படிக் காட்டுவது? – பள்ளி ஆசிரியை

இதற்குத் திரையை நம்பாதீர்கள், அம்மா. மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். எல்லாவற்றையும் 1000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி ஒரு கடுகு. பந்திலிருந்து 15 மீட்டர் தள்ளி வையுங்கள். வியாழன் கோலிக்குண்டு அளவு, 78 மீட்டரில். நெப்டியூனுக்கு ஏறக்குறைய 450 மீட்டர் நடக்க வேண்டும்; பள்ளி வாசலைத் தாண்டி யாரையாவது அனுப்ப வேண்டிவரும். சூரியனுக்கு அடுத்த விண்மீனோ 4000 கி.மீ. தொலைவில். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நேர்கோட்டில் போனாலும் எட்டாது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நேஷனல் மால் பூங்காப் பகுதியில் 2001 முதல் இதே அளவில் ஒரு மாதிரி நிற்கிறது. கடுகைக் கையில் ஏந்தி நடந்த குழந்தை பிறகு கோளரங்கத்துக்கு வரும்போது, ஒரே நொடியில் சனியை அடையும் காட்சியைப் பார்த்து, "இவ்வளவு வேகமாகப் போக முடியாதே" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும்.

காட்சி பார்த்தால் என் மகளுக்குத் தலைசுற்றுகிறது.

கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "இல்லை" என்கிறது. அந்த முரண்தான் காரணம். பின்வரிசையில் அமரச் செய்யுங்கள். சுற்றும்போது சில நொடிகள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். குறை எங்களுடையதும்தான்: கேமராவை மெதுவாக நகர்த்தினாலே பாதித் தொல்லை தீரும்.

எங்கள் ஊர் நூலகத்தில் சிறிய கோளரங்கம் அமைக்க ஆசை. கையில் பணம் குறைவு. – நூலகத் தன்னார்வலர்

தாராளமாகச் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் பால் போர்க் உருவாக்கிய முறை உங்களுக்குப் பொருந்தும்: சாதாரண புரொஜெக்டரின் ஒளியை ஒரு குவி ஆடியில் விழச்செய்து, காற்றடைத்த கூடாரத்தின் உட்புறம் முழுவதும் பரப்புவது. படத்தை முன்கூட்டியே கணினி வளைத்துக் கொடுக்கும். வானத்துக்கு ஸ்டெல்லேரியம், விண்வெளிப் பயணத்துக்கு ஓப்பன்ஸ்பேஸ், இரண்டும் இலவச மென்பொருள்கள். மிச்சமாகும் பணத்தைப் பேசுபவரின் பயிற்சிக்குச் செலவிடுங்கள். பதிவுசெய்த குரலைக் குழந்தை இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. முதல் காட்சி அன்றிரவு உங்கள் ஊரில் தெரியப்போகும் வானமாகவே இருக்கட்டும்; வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சரிபார்ப்பார்கள்.

பார்வையற்ற மாணவர்களை அழைத்து வரலாமா?

அவசியம் அழைத்து வாருங்கள். சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிக் குழுவினர் 2020 முதல் வானியல் தரவுகளை ஒலியாக்கி வெளியிடுகிறார்கள். பால்வெளி மையத்தின் ஒலிவடிவம் இடமிருந்து வலமாக நகர்கிறது: படத்தில் மேலே இருப்பது உயர்ந்த சுருதி, ஒளி கூடினால் ஓசையும் கூடும். இந்த விதியை முதலில் சொல்லி, பிறகு ஒலிக்க விடுங்கள். விதி தெரியாமல் கேட்டால் வெறும் இசையாகவே போய்விடும். பார்வையுள்ள மாணவர்களையும் கண்மூடி அதே வரிசையில் உட்கார வையுங்கள். முடிந்ததும் யார் எதைக் கேட்டார்கள் என்று எல்லாரிடமும் விசாரியுங்கள். படத்தை அதன் பிறகு காட்டலாம்.