மூன்று வருட பி.எஸ்சி. பட்டத்தை வைத்துக்கொண்டு குறுகிய காலத்தில் தாதியாக முடியுமா?

பதுளைப் பக்கம், 25 வயது, பி.எஸ்சி. பொதுப் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது, வீட்டில் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டதாரிகளை ஒன்றரை, இரண்டு வருடத்தில் தாதியாக்கும் படிப்புகள் வெளிநாட்டில் இருக்கின்றனவாமே, அதற்கு எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

முடியும், தங்கச்சி. என்னுடையதும் அதே பட்டம்தான். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தாவரவியல், விலங்கியல், இரசாயனம் எடுத்து இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவில் பாஸானேன். நாலு வருடம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, 29 வயதில் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருட முதுமாணித் தாதியியல் படித்தேன். இப்போது அங்கே ஒரு வார்டில் பதிவு பெற்ற தாதி. லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மழை விடாமல் பெய்கிறது, ஆறுதலாக எழுத நேரமும் இருக்கிறது.

முதலில் நம் நாட்டைப் பற்றி. பேராதனை, யாழ்ப்பாணம், ருகுணு போன்ற இடங்களில் நான்கு வருடத் தாதியியல் பட்டம் இருக்கிறது. ஆனால் அது உயர்தரப் பரீட்சையின் இசட் ஸ்கோர் (தரப்படுத்திய புள்ளி) வழியாகப் போகிற பாதை. அரச பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை உள்வாரி மாணவராகப் பதிந்தவருக்கு அந்தக் கதவு மறுபடி திறக்காது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா இருக்கிறது. வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து, வயதும் உயர்தரப் பெறுபேறும் பொருந்தினால் அதற்கும் விண்ணப்பியுங்கள். சம்பளத்தோடு வேலை கிடைக்கிற பாதை அது, குறைத்து நினைக்க வேண்டாம்.

இனி வெளிநாடு. எல்லோரும் முதலில் தேடுவது அமெரிக்காவைத்தான். நானும் அப்படித்தான் ஆறு மாதத்தை அங்கே செலவழித்தேன். ஏற்கெனவே இளமாணிப் பட்டம் உள்ளவர்களுக்கு 11 முதல் 18 மாதத்தில் முடிகிற துரிதத் தாதிப் பட்டம் அங்கே ஏராளமான பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. முடித்ததும் என்கிளெக்ஸ் பரீட்சை எழுதி அந்த மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். காலத்தைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். பார்க்க வேண்டியது முன்தேவைப் பாடங்களின் பட்டியலை. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் இரண்டு பகுதி, நுண்ணுயிரியல், இவற்றுக்கு ஆய்வுகூடம், அப்புறம் இரசாயனம், புள்ளிவிபரவியல், மனித வளர்ச்சி உளவியல், போசாக்கு. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பல இடங்களில் இவற்றைக் கடந்த ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள்.

என் விலங்கியலில் மனித உடற்றொழிலியல் இருந்தது. ஆனால் ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது பெறுபேற்றுப் பட்டியலில், அது ஒரு குறியீட்டு இலக்கமும் ஒரு கிரேடும் மட்டும்தான். எத்தனை மணித்தியாலம், ஆய்வுகூடம் உண்டா இல்லையா என்று எதுவும் இல்லை. பாடத்திட்டத்தைத் துறைத் தலைவரின் கையெழுத்தோடு தனியாக வாங்க வேண்டியிருந்தது. மூன்று தடவை பஸ் ஏறி, நாலாம் தடவைதான் கையில் கிடைத்தது. அதன் பிறகு பாடம் பாடமாக மதிப்பிடும் ஒரு நிறுவனத்துக்குக் காசு கட்டி அனுப்பினேன். வந்த பதிலில் ஒரே வரி. என் பட்டம் அமெரிக்க இளமாணிக்குச் சமமில்லை, மூன்று வருடப் பல்கலைக்கழகக் கல்விக்குத்தான் சமம்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். அமெரிக்க இளமாணி நான்கு வருடம். நம் பொதுப் பட்டம் மூன்று வருடம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தவருக்கு இந்தப் பிரச்சினை வராது, நமக்கு வரும். எல்லா இடமும் மறுக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால், "மூன்று வருட இலங்கைப் பட்டத்தை ஏற்பீர்களா" என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வகுப்புகள் பெரும்பாலும் இணையத்தில் நடக்கிற துரிதப் படிப்பு என்றால் மாணவர் வீசாவுக்கு அது ஒத்துவராது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் சாதாரண பட்டமே மூன்று வருடம்தான். அதனால் பல இடங்களில் நம் பட்டத்தைப் பட்டமாகவே பார்க்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான தாதியியல் முதுமாணி இரண்டு வருடம், அதில் குறைந்தது 800 மணித்தியாலம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. இங்கிலாந்திலும் இரண்டு வருடம்தான், ஆனால் கணக்கு வேறு. தாதியாகப் பதிய அங்கே 4,600 மணித்தியாலம் வேண்டும், பாதி படிப்பு, பாதி பயிற்சி. முந்தைய பட்டத்தையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்து ஒரு பகுதியைக் கழித்துவிடுவதால்தான் மூன்று வருடப் படிப்பு இரண்டாகிறது. அந்த "அனுபவம்" என்ற சொல்லை நான் முதலில் கவனிக்கவே இல்லை. சில இடங்களில் நோயாளர்களைப் பராமரித்ததற்கு நூற்றுக்கணக்கான மணித்தியாலக் கணக்கு கேட்கிறார்கள்.

எனக்கு அதற்கு வழி காட்டியது டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லம். சனி ஞாயிறும் பாடசாலை விடுமுறையும் அங்கேதான் போனது. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கையில் திருப்பிவிடுவது, நகம் வெட்டுவது. ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாம் எழுதி, போகும்போது சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குவேன். ஒன்றேகால் வருடத்தில் கொப்பி நிறைந்தது. கடைசியில் அந்தக் கொப்பியின் பிரதியும் சிஸ்டரின் கடிதமும்தான் என் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்தின என்று நம்புகிறேன். நீங்கள் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஐயா அனுமதித்தால் அங்கேயும் போய் நில்லுங்கள்.

தாதியாக வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விண்ணப்பத்தில் எழுத வேண்டியதே அதைத்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து மூன்று கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு தோட்டத்துப் பாட்டி. ஒரு நாள் அவர் சேலை முந்தானையை அவிழ்த்தபோது முடிச்சுக்குள் ஏழெட்டு மாத்திரை. ஏன் பாட்டி குடிக்கவில்லை என்று கேட்டேன். "மிஸ்ஸி பத் காலா குடிக்கச் சொன்னாங்க மகள், காலையில பாண்தானே குடுக்கிறாங்க" என்றார். "பத் காலா" என்று மிஸ்ஸி, அதாவது வார்டுத் தாதி, சிங்களத்தில் சொன்னது சாப்பிட்ட பிறகு என்ற அர்த்தத்தில். பாட்டிக்குத் தெரிந்த சிங்களத்தில் "பத்" என்றால் சோறு. சோறு வருவது பகலில்தானே, அதனால் காலை மாத்திரையை எல்லாம் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறார். மிஸ்ஸியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வார்ட் நிறைய நோயாளர், அவர் ஒருவர். நான் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னதும், அவரே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைத் தமிழில் சொல்லச் சொல்லி, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையிலிருந்து அந்த வார்டில் தமிழ்ப் பாட்டிமாருக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

விண்ணப்பக் கடிதத்தின் முதல் பிரதியில் "சிறு வயது முதல் சேவை மனப்பான்மை" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டு அந்த முடிச்சைப் பற்றி எழுதினேன். நேர்முகத்திலும் அதுவே கைகொடுத்தது. எங்கள் லயத்தில் சிக்னல் நிற்காது என்பதால் ஹட்டனில் சித்தப்பா கடையின் மேல்மாடியில் இருந்து பேசினேன். "நோயாளி மருந்தை மறுத்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டார்கள். ஏன் மறுக்கிறார் என்று அவரிடமே கேட்பேன் என்று தொடங்கி பாட்டியின் கதையைச் சொன்னேன். கணக்குப் பரீட்சையும் வைத்தார்கள், எல்லாம் இந்த மாதிரி: 375 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 125 மில்லிகிராம், எத்தனை மில்லிலீட்டர்? 15. கல்குலேட்டர் இல்லாமல் பழகிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போதே வளர்ந்தோர், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் பொதுவாக 7 கேட்கிறார்கள். எழுத்துப் பகுதிதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிரமம், எனக்கு இரண்டாம் தடவைதான் வந்தது.

பெயர் விஷயத்தை விடவே கூடாது. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் இன்னொன்று. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்து மாறிச் சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்தபோது அது வேறு ஆளின் பெயராகவே வந்தது. திருத்துவதற்கு மாதக்கணக்கு ஆகும். முடிந்தால் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே திருத்தக் கொடுங்கள், நேரமில்லை என்றால் எல்லாப் பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். கடவுச்சீட்டு எடுப்பது இதற்குப் பிறகுதான்.

காசைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் மட்டும் 15,000 பவுண்டுக்கு மேல் போகும். அந்நாட்டுத் தாதி மாணவர்களுக்குக் கிடைக்கும் அரச உதவித்தொகை நமக்கு இல்லை. வீசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தின் மீதியும் ஒன்பது மாதச் செலவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் சேமலாப நிதி, என் நாலு வருடச் சேமிப்பு, அம்மாவின் நகை, இரண்டு பிணையாளரோடு வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் ஒப்பேறியது. கடன் இன்னும் முடியவில்லை. "அங்கே போய் பார்ட் டைம் செய்து கட்டலாம்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், பயிற்சி நாட்களிலோ சம்பளமில்லாமல் 12 மணித்தியால ஷிப்ட். களைத்துப்போய்ப் படிப்பையே விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கல்யாணமானவர் என்றால் இன்னொன்று: 2024 ஜனவரிக்குப் பிறகு இப்படியான முதுமாணி மாணவர்கள் கணவரையோ பிள்ளைகளையோ கூட அழைத்துப் போக முடியாது. இந்தக் கணக்கை அம்மா அப்பாவோடு ஒரு தாளில் போட்டுப் பார்த்து, அவர்களும் சரி என்ற பிறகு இறங்குங்கள். ஆசிரியர் நியமனம் இடையில் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்குச் சேமிப்பைத் தந்தது அந்தச் சம்பளம்தான்.

இன்னும் இரண்டு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தடவை, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆறு மாதம். பயிற்சிக்கு அது கட்டாயம் கேட்பார்கள், அதனால் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் போடத் தொடங்குங்கள். இங்கிலாந்து என்றால் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும், அதை வீசாவுக்குக் கொஞ்சம் முன்னால் செய்தால் போதும்.

உங்கள் பாடத்திட்டம் கைக்கு வந்ததும், எந்தெந்தப் பாடம் எத்தனை மணித்தியாலம் என்று இங்கேயே கீழே எழுதுங்கள். நான் திரும்பிப் போக இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.