அரிசி ஆசையைச் சிரித்துத் தள்ளாதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியும் எங்களோடுதான். ஒரு வருடமாக ஓயாத களைப்பு. முடி கொட்டுகிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன், தனியே இருந்தால் அழுகை வருகிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது. கணவர் யோகா வகுப்புக்குப் போ என்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா, இது மனசு சம்பந்தப்பட்டது, கவுன்சிலிங் போ என்கிறாள். மாமி பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டினால் சரியாகும் என்கிறார். நான் எதைச் செய்வது? (சுளகில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி வாயில் போடும் பழக்கம் வேறு வந்துவிட்டது. மகளின் கலியாணத்துக்கு மழை கொட்டப் போகுது என்று மாமி சிரிக்கிறார்.)

பதில்: தங்கச்சி, யோகாவா, கவுன்சிலிங்கா, நூலா என்பதை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த அரிசி, அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அரிசி தின்றால் கலியாணத்தன்று மழை வரும் என்று சின்னப் பிள்ளைகளை வெருட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இத்தனை வருடம் அரிசி புடைத்தவளுக்கு இப்போது மட்டும் ஏன் அதைத் தின்னத் தோன்றுகிறது? இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இப்படி ஆசை வரும். சிலருக்குப் பச்சை அரிசி, சிலருக்கு மண், சாம்பல், ஐஸ்கட்டி. களைப்பு, முடி கொட்டுவது, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, எரிச்சல், நீங்கள் எழுதிய எல்லாமே இரத்தச்சோகையோடு ஒத்துப்போகின்றன. உங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உங்கள் மாமி ஒருவர்தான் நோயின் அடையாளத்தைக் கண்ணால் கண்டவர். கண்டும் சிரித்துவிட்டார். நீங்களும் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள், அதுதான் எனக்குக் கோபம்.

காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தால் அந்தக் கிழமையே வைத்தியரிடம் போக வேண்டும். சிவப்பாகத் தெரிந்தாலும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், கண் சில நேரம் ஏமாற்றும்.

இன்னொன்று. இவ்வளவு எழுதிய நீங்கள் மாதவிடாயைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நாற்பதைத் தாண்டினால் அது முறை மாறி வருவது சகஜம்தான். ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கு ஒரு பேட் நனைவது, இரத்தம் உறைந்து பெரிய கட்டிகளாகப் போவது சகஜமில்லை. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும் இப்படிப் போகும். மாதாமாதம் இரத்தம் இப்படிப் போய்க்கொண்டிருந்தால் முருங்கையிலையை எவ்வளவு சுண்டினாலும் ஈடுகட்டாது. "வயதாகுது, அப்படித்தான்" என்று எங்கள் பெண்கள் மறைத்து மறைத்தே இரத்தத்தை இழக்கிறார்கள். இதில் என்ன வெட்கம்?

போக இடமில்லாமலும் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. இலங்கையில் இது 1996இல் தொடங்கியது. 35 வயதைக் கடந்த பெண்களை மனதில் வைத்தே ஏற்படுத்தியது. பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவைக் கேட்டால் நாள் சொல்வார். பிள்ளை பெற்ற காலத்தில் அவர் வீடு தேடி வந்தாரே, பிள்ளைகள் வளர்ந்ததும் அவரை மறந்துவிட்டீர்களா? எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடலில் இரும்பின் இருப்பு), தைரொயிட் மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தைரொயிட் குறைந்தாலும் களைப்பும் முடி கொட்டுவதும் மனச்சோர்வும் வரும்.

இரும்புக் குளிசை தந்தால் சோற்றோடு சேர்த்து பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். தேயிலை இரும்பைச் சேர விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்ச் சாறு, கொய்யாப்பழம் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், குளிசையால்தான். களைப்பு போனதும் குளிசையைத் தூக்கிப் போடாமல், வைத்தியர் சொல்லும் வரை சில மாதங்கள் எடுக்க வேண்டும். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் அங்கேயும் போகலாம், அவர்களிடமும் இரும்புக்கு அயச்செந்தூரம் உண்டு. ஆனால் ஒருவர் தந்ததை மற்றவருக்குச் சொல்லாமல் இரண்டையும் விழுங்காதீர்கள்.

அழுகையை நான் இரத்தத்தின் தலையில் மட்டும் கட்டமாட்டேன். யுத்தத்தையும் 2004இல் கடல் வந்ததையும் பார்த்த ஊர் இது. உங்களுக்குள் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா சொன்னதில் பிழையில்லை. இரத்தம் ஏறட்டும், பிறகு மனதைப் பார்ப்போம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். கிளினிக்கிலேயே அழுகையையும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். யோகா நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்கும் இந்த நிலையில் வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அம்மன் கோயிலுக்கும் தாராளமாகப் போங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, "யோகாவுக்குப் போ" என்று சொல்வதோடு கடமை முடியவில்லை. ஒரு நாள் ஹயரை விட்டுவிட்டு மனைவியை கிளினிக்குக் கூட்டிப் போங்கள், வரிசையில் கூட நில்லுங்கள். அன்றைய சமையலை மகளின் தலையில் கட்டாமல் மகனையும் சேருங்கள். மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது, தலையும் வாலும் யாருக்கு மிஞ்சுகிறது என்று இன்றிரவே கவனியுங்கள். வீட்டுக்காரிக்கு மிஞ்சியதுதான் சாப்பாடு என்கிற குடும்பத்தை நான் நல்ல குடும்பம் என்று சொல்லமாட்டேன், எவ்வளவு பக்தியாக இருந்தாலும்.

தங்கச்சி, வைத்தியரிடம் "களைப்பாக இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், விற்றமின் குளிசையோடு அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாள் போகிறது, எத்தனை பேட், எப்போதிருந்து அரிசி தின்கிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். இடையில் நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, இரத்தம் நிற்காமல் போனாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.