பேட்டரி புதுசு, ஆனாலும் கார் திடீரெனச் செத்துப்போகிறதா?

கேள்வி: என் கார் பதினைந்து ஆண்டு பழையது, பெட்ரோல் வண்டி. வாரத்தில் ஒன்றிரண்டு முறை சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரிவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியை மாற்றிவிட்டேன், பலனில்லை. இப்போது ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஆல்டர்னேட்டர்தான் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது. அது கெட்டால் பேட்டரி சிறுகச் சிறுக இறங்கும், விளக்குகள் மங்கும், செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். அப்படி இறங்கிய பேட்டரி நிறுத்தி வைத்த வண்டியில் தானாக ஏறாது. உங்கள் காரில் எல்லாம் ஒரே நொடியில் போய், தானே திரும்பி வருகிறது. அதாவது கரன்ட் இருக்கிறது, வரும் வழியில் எங்கோ விட்டுவிட்டு அறுபடுகிறது. இன்னும் சந்தேகமா? எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் பேச்சை அதோடு விடலாம். ஓடுகிற எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டெஸ்ட்’ செய்ய மட்டும் யாரையும் விடாதீர்கள். அப்போது எகிறும் வோல்டேஜ், எஞ்சினின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

கோளாறு வந்திருக்கும் அந்த நேரம்தான் பொன்னான நேரம். பெரும்பாலோர் பானட்டைத் திறந்து டெர்மினலைத் தட்டி ஆட்டி, உயிர் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். தடயமும் அதோடு போய்விடும். எதையும் தொடாமல் முதலில் உள்விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் அது இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருவதில்லை. உள்விளக்கும் எரியவில்லை, அல்லது சாவியைத் திருப்பியதும் அணைகிறது என்றால் கோளாறு பேட்டரி டெர்மினலில், எர்த்தில் (பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் வயர்), அல்லது மெயின் ஃபியூஸில். உள்விளக்கு பளிச்சென்று எரிய டேஷ்போர்டு மட்டும் செத்திருந்தால் கோளாறு இக்னிஷன் சுவிட்சில், அதன் கப்ளரில் (வயர்களைச் சொருகும் இணைப்பு), அல்லது மெயின் ரிலேயில் (கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்).

முதல் வகை, அதாவது உள்விளக்கும் செத்திருந்தால், ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகம்; பல வோல்ட் காட்டினால் திருடன் அங்கேயே இருக்கிறான். அடுத்து நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவே, பிறகு நெகட்டிவ் குமிழுக்கும் பாடிக்கும் நடுவே. விளக்கைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீட்டர் இழுப்பது அற்பக் கரன்ட். விளக்கைப் போடாவிட்டால், வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பூஜ்யமே காட்டி ஏமாற்றும். வண்டி உயிரோடிருக்கும் நாளில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் எர்த்தில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தாலும் அந்த வயர் கெட்டதுதான்.

புதுப் பேட்டரியை வைத்தவர்கள் பழைய கிளாம்பையேதான் மாட்டியிருப்பார்கள். கையால் திருகிப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது. பிடிக்காத கிளாம்புக்குள் ஆணியோ தகரத் துண்டோ சொருகி இறுக்கியிருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கிளாம்பு போடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கிளாம்புக்குள் போகும் வயரின் உறையைச் சற்றே சீவினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கலாம். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட வேண்டும், நீளம் பற்றாவிட்டால் வயரையே மாற்ற வேண்டும். பாடி எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டை வயரை யாரும் பார்ப்பதே இல்லை. அது அறுந்தால் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்து, கேபிளே சூடாகும்.

புதுப் பேட்டரியே குற்றவாளியாக இருப்பதும் உண்டு, அபூர்வமாக. உள்ளே ஒரு செல்லை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்பில் விரிசல் இருந்தால் சும்மா இருக்கும்போது முழு சார்ஜுக்குரிய 12.6 வோல்ட் காட்டும், ஹெட்லைட், செல்ஃப் என்று சுமை விழுந்ததும் ஒரேயடியாகச் சரியும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். உங்கள் வண்டியின் அறிகுறியே! பிரித்தறிய, மீட்டரின் இரு முனைகளையும் கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழ்களிலேயே அழுத்திப் பிடித்துச் சுமை கொடுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் குற்றத்தைப் பேட்டரி மேல் போட்டுவிடுவீர்கள். முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது குமிழ்களிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிதான். சார்ஜ் ஏற்றாமல் இந்தச் சோதனை செல்லாது. இறங்கிய பேட்டரியும் விழத்தான் செய்யும். வாரன்டிக்குக் கொண்டுபோனால் அவர்கள் டெஸ்டரை மாட்டும் அந்த நிமிடத்தில் அது நல்ல பிள்ளையாக ‘குட்’ என்று சீட்டைத் துப்பும். மீட்டர் காட்டியதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த கவுன்டரில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லை.

‘ஸ்கேனரில் மாட்டினோம், ஃபால்ட் ஒன்றுமில்லை’ என்பது ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் அடுத்த பதில். மொத்த கரன்ட்டும் போகும்போது கம்ப்யூட்டரும்தான் செத்துக் கிடக்கிறது, எதில் எழுதி வைக்கும்? வயரிங் படத்தைக் கொடுத்தால் அரை நாளில் முடிகிற வேலை. காரை விற்ற கம்பெனி அதை ராணுவ ரகசியம்போல் பூட்டி வைக்கிறது.

இரண்டாம் வகை, அதாவது உள்விளக்கு எரிந்து டேஷ்போர்டு மட்டும் செத்திருந்தால், பின்னாளில் பொருத்திய அலாரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அது இக்னிஷன் வயரை வெட்டி நடுவே ஒரு ரிலேயைச் சேர்த்திருக்கும். முறுக்கி டேப் சுற்றிய அந்த ஒட்டு வருடங்கள் போகத் தளரும். அது சரியாக இருந்தால் இக்னிஷன் சுவிட்சுக்குள் வரும் தடித்த வயரில் 12 வோல்ட் இருந்து, சாவி போட்டும் வெளியே வராமல் இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் சுவிட்சை மாற்றலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக், அதில் கை வைக்காதீர்கள். கப்ளர் பழுப்பேறி உருகியிருந்தால் சுவிட்சோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் விழுந்தது, இப்போது எத்தனை என்று கேளுங்கள். எண் சொல்லாமல் ‘முழு வயரிங்கையும் மாற்றினால்தான் சரிவரும்’ என்று ஆரம்பித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.