எஸ்கலேட்டர் ஏன் வளைவதில்லை?

கேள்வி: எஸ்கலேட்டர்கள் எல்லாம் நேர்கோட்டிலேயே ஏறி இறங்குகின்றனவே, சுழல் படிக்கட்டு மாதிரி வளைந்து செல்லும் எஸ்கலேட்டரைச் செய்ய முடியாதா?

செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இதன் சிக்கல் இல்லை. படியை விசிறி வடிவில் வார்த்துவிட்டால் போதுமே என்றுதான் முதலில் தோன்றும். அது எளிதான பாதி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு ஜவுளிக்கடையில்.

சென்னையில் எஸ்கலேட்டர் பராமரிப்பு என் வேலை. தீபாவளிக்கு முந்தைய வாரம், தியாகராய நகரில் ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. படிகள் பக்கத்துத் தகட்டில் உரசிக் கிறீச்சிடுகின்றன, வாடிக்கையாளர்கள் ஏறவே பயப்படுகிறார்கள் என்றார்கள். கடை மூடிய பிறகு இரண்டு படிகளைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். பட்டு நூல், கொண்டை ஊசி, ஒற்றை ஜிமிக்கி, மசகெண்ணெயில் ஊறிய பஞ்சு. எல்லாக் கடையிலும் கிடைக்கிற புதையல்தான். கோளாறு வேறு. ஒவ்வொரு படியையும் இடமும் வலமுமாக இரண்டு சங்கிலிகள் இழுக்கின்றன. தேய்மானத்தால் ஒரு பக்கச் சங்கிலி மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் நீண்டிருந்தது. படி கோணிக்கொண்டு போய்த் தகட்டில் இடித்தது. படிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு பக்கத்தில் 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. சேலை முந்தானையும் குழந்தையின் செருப்பும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அது. ஆக, இந்த இயந்திரத்தில் இரண்டு சங்கிலிகளும் தோளோடு தோள் போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது வளைவுக்கு வருவோம். சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்குப் போனால் எஸ்கலேட்டரின் அடிவாரத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தரை விளிம்பில் சீப்புப் பற்கள் போல இருக்கும் சீப்புத் தகட்டிலிருந்து வெளிவரும்போது படிகள் ஒரே மட்டமாக, ஒட்டி ஒட்டி நகரும். மேலே திரும்பியதும் ஒவ்வொரு படியின் பின்பகுதியும் அடுத்த படியின் மூக்குக்கு அடியில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். சங்கிலியின் நீளம் மாறுவதில்லை. ஆனால் 30 பாகைச் சரிவில் 40 செ.மீ. நகர்ந்தால் கிடைமட்டத்தில் கிடைப்பது ஏறக்குறைய 35 செ.மீ.தான். படியின் முகப்பு வில் போல வளைந்திருப்பதும் அதற்காகத்தான். நேர் எஸ்கலேட்டரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ‘இழப்பதால்’ வம்பில்லை.

வளைந்த எஸ்கலேட்டரில் அப்படி நடக்காது. உள்வட்டமும் வெளிவட்டமும் அதே உயரத்தைத்தான் ஏறுகின்றன. உள்வட்டத்துக்குத் தூரம் குறைவு, எனவே சரிவு செங்குத்து. வெளிவட்டத்துக்குச் சரிவு மென்மை. அதனால் உள்பக்கம் கிடைமட்டத்தில் அதிகம் இழக்கிறது, வெளிப்பக்கம் குறைவாக இழக்கிறது. காகிதத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். உள் ஆரம் 5 மீட்டர், வெளி ஆரம் 6 மீட்டர், நடுவில் 30 பாகைச் சரிவு என்று வையுங்கள். உள்பக்கச் சரிவு 32 பாகையைத் தாண்டும், வெளிப்பக்கம் 28-ஐத் தொடாது. மட்டத்தில் கச்சிதமாகப் பொருந்திய படிகள் சரிவில் 20 படி ஏறுவதற்குள் உள்சங்கிலி கால் மீட்டருக்கும் மேல் பின்தங்கிவிடும். ஜவுளிக்கடையில் சில மில்லிமீட்டருக்கே அந்தக் கூச்சல்!

ஜப்பானிய நிறுவனமான மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கண்டுபிடித்த வழி, வட்டத்தின் மையத்தையே நகர்த்துவது. மட்டமான பகுதிக்கு ஒரு மையம், சரிவுக்கு வேறொரு மையம், இடைப்பட்ட பகுதியில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியான மாற்றம். சரிவில் ஆரத்தைக் குறைத்து வளைவை இறுக்கினால், உள்பக்கம் போக வேண்டிய தூரம் இன்னும் குறைகிறது. பின்தங்க வேண்டிய சங்கிலிக்குப் பாதையையே சுருக்கிக் கொடுத்தாயிற்று. படி கோணாமல் போகிறது. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே வட்டத்தின் வில் போலத் தெரியும். உண்மையில் அது ஒரே வட்டமில்லை. ஆரம் மாறினால் படி விளிம்பின் வளைவும் தகட்டின் வளைவும் முழுக்கப் பொருந்தாது. அந்த வேறுபாட்டையும் சில மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டும். இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமைதான்.

இன்னொரு தொல்லை, சங்கிலியின் இழுவிசை. மயிலாப்பூரில் பங்குனித் தேர் மாடவீதி முனையில் திரும்பும்போது வடம் பிடித்திருக்கிறீர்களா? வடம் விறைத்ததும் முனையில் நிற்பவர்களை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வளைவில் இழுபடும் சங்கிலியும் அப்படியே மையத்தை நோக்கிச் சாயும். தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் இருக்கிறார். இங்கே அந்த வேலையைப் பக்கவாட்டு உருளைகள் பாதை முழுவதும் செய்ய வேண்டும். கைப்பிடிப் பட்டையும் மேல்கீழாக வளைவதோடு பக்கவாட்டிலும் வளைய வேண்டும். உள்பட்டை மெதுவாகவும் வெளிப்பட்டை வேகமாகவும் ஓட வேண்டும்.

இந்த ஆசை பழையது. 1906-இல் லண்டனின் ஹாலோவே ரோடு சுரங்க ரயில் நிலையத்தில் ஜெஸ்ஸி ரெனோ என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சுழல் எஸ்கலேட்டரை நிறுவினார். பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அது வரவே இல்லை. மிட்சுபிஷியின் முதல் நடைமுறை வடிவம் வந்தது 1985-இல், ஜப்பானின் சுகுபாவில். பிறகு சான்பிரான்சிஸ்கோவிலும் லாஸ் வேகாஸிலும் ஷாங்காயிலும் வணிக வளாகங்களில் நிறுவினார்கள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜாக் லெவி 2010-இல் ‘லெவிடேட்டர்’ என்று வேறொரு வடிவத்தை முன்வைத்தார். படிகளின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வளைவாக ஒன்றோடொன்று பொருந்துவதால் எந்த வளைவிலும் போகலாம் என்பது அவர் யோசனை.

அந்த ஜவுளிக்கடை முதலாளி, சங்கிலியை மாற்றி முடித்த அதிகாலையில், கைப்பேசியில் ஷாங்காய் படத்தைக் காட்டி, “தம்பி, நம் கடைக்கு இப்படி ஒன்று வைத்தால் எப்படி இருக்கும்?” என்றார். வழக்கமான எஸ்கலேட்டருக்குப் பாகம் கெட்டால் மறுநாளே வாங்கி மாட்டிவிடலாம், இதன் படி ஒன்று உடைந்தால் ஜப்பானைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் தீபாவளி வாரத்தில் என்றேன். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்குக் காபி சொல்லப் போனார்.