போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: பொது நிலமொன்றில் நாங்கள் 16 பேர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாகத் தோட்டம் வளர்த்து வருகிறோம். இன்னும் 12 வாரங்களில் நடக்கவிருக்கும் தோட்டக்கலைப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்ள விரும்புகிறோம். காய்கறித் தட்டு, கொய்மலர், தொட்டிச் செடி, சிறந்த குழுத் தோட்டம் என்று நான்கு பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கலந்துகொள்ளலாமா, எதிலிருந்து தொடங்க வேண்டும்? குழுவில் ஆளுக்கொரு யோசனை சொல்வதால் எங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

பதில்: மண்வெட்டியை எடுப்பதற்கு முன் போட்டியின் விதிமுறைத் தாளை எடுத்துக்கொண்டு 16 பேரும் ஒன்றாக உட்காருங்கள், ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதன்று. நான் நடுவராக இருந்த ஒரு போட்டியில், மேசையில் இருந்த தக்காளித் தட்டுகளிலேயே மிக நேர்த்தியான தட்டு மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் போயிற்று; ஐந்து பழங்கள் கேட்ட இடத்தில் ஆறு வைத்திருந்தார்கள். தாராள மனத்தோடு வைத்த அந்த ஆறாவது பழத்தால், மற்ற ஐந்தையும் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் போனது. ஆகவே எண்ணிக்கை எத்தனை, எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டுமா, பூத்தண்டின் நீளத்துக்கு வரம்பு உண்டா, தொட்டியின் விட்டம் எவ்வளவு, செடி எத்தனை மாதங்களாக உங்கள் வளர்ப்பில் இருந்திருக்க வேண்டும், பெயரைக் குழுவின் பெயரில் பதிவதா தனிநபர் பெயரில் பதிவதா, ஜாடியையும் தட்டையும் அவர்களே தருவார்களா, எத்தனை மணிக்குள் வைத்து முடிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஐயம் எழும் இடங்களில் நீங்களாகப் பொருள் கொள்ளாமல், ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எல்லாப் பிரிவிலும் கலந்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. முதல் ஆண்டில் குழுத் தோட்டப் பிரிவையும் காய்கறித் தட்டையும் முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்; கொய்மலரில் ஒரே ஒரு வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொட்டிச் செடிப் பிரிவில், உங்களில் யாரிடமாவது ஏற்கெனவே நன்கு நிறைந்து வளர்ந்த செடி இருந்தால் ஒழிய இறங்காதீர்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு தொட்டிக்கு மாற்றிய செடியை நடுவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். இருக்கும் செடியாக இருந்தால், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். இல்லையேல் அது வெளிச்சத்தின் பக்கமாகச் சாய்ந்து, முன்புறம் அடர்ந்தும் பின்புறம் மொட்டையாகவும் நிற்கும்.

இனி நாள்கணக்கு. 12 வாரம் என்பது 84 நாட்கள். போட்டிக்குத் தயாராகும் குழுக்கள் பொதுவாக இன்றிலிருந்து முன்னோக்கித் திட்டமிடுகின்றன. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரி. தக்காளியை எடுத்துக்கொள்வோம். விதையிட்டு நாற்று நடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 4 வாரம், நட்டபின் முதல் பழம் பழுக்க 60 முதல் 80 நாட்கள் என்று வைத்தால், இன்று விதைப்பது போட்டிக்குக் கைகொடுக்காது. நாற்றாக வாங்கி நடலாம், அல்லது ஏற்கெனவே பாத்தியில் நிற்கும் செடிகளை நம்பலாம். பூ பிஞ்சாகி, பழமாகிச் சிவக்க 6 முதல் 8 வாரம் ஆகும் என்பதால், போட்டி மேசைக்குப் போகவேண்டிய பழங்கள் இன்னும் 4 முதல் 6 வாரத்துக்குள் பிஞ்சு பிடிப்பவையாகத்தான் இருக்கும். அந்த வாரங்களில் பிஞ்சு பிடிக்கும் கொத்துகளின் காம்பில் வண்ண நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஐந்து பழங்கள் தேவை என்றால் 20 பழங்களாவது நூல் கட்டிய கொத்துகளில் இருக்க வேண்டும். வெடிப்பு, பூச்சி, பறவை எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் நீங்கள் பொறுக்கி எடுக்கப்போகிறீர்கள்.

குத்துச்செடி பீன்ஸ் விதைத்த 50 முதல் 60 நாட்களில் காய்க்கும். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல், போட்டிக்கு 62, 55, 48 நாட்கள் முன்பாக மூன்று தவணையில் விதையுங்கள். வானிலை சற்று முன்பின் ஆனாலும் ஏதாவதொரு தவணை சரியான பதத்தில் அமையும். சிறு ரக முள்ளங்கிக்கு 25 முதல் 30 நாட்கள் போதும் என்பதால் அதைப் பற்றி இப்போது யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கேரட்டுக்கு இரண்டரை மாதத்துக்கு மேலாகும். மண்ணில் கல்லோ மட்காத சாணமோ இருந்தால் கிழங்கு இரண்டு காலாகப் பிரிந்துவிடும். அதை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். செண்டுமல்லியும் ஜீனியாவும் விதைத்த 2 மாதத்தையொட்டிப் பூக்கத் தொடங்குவதால், அடுத்த பத்து நாட்களுக்குள் விதைத்துவிட்டால் போட்டி நாளில் அவை நல்ல பூப்பில் இருக்கும். ரோஜாச் செடிகள் இருந்தால், கதகதப்பான பருவத்தில் கவாத்து செய்த 6 முதல் 7 வாரத்தில் பூ வரும், குளிரில் இன்னும் சில நாட்கள் கூடும்; எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டாமல் நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று பிரிவாக வெட்டுங்கள். சாமந்தியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செடி. பாத்திக்கு மேல் தெருவிளக்கு இரவு முழுக்க எரிந்தால், ஊட்டத்தில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பூக்காத சாமந்திக்கு மேலும் மேலும் உரமிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

உரம் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. போட்டி நெருங்க நெருங்கத் தழைச்சத்தை அள்ளிப் போடும் ஆசை வரும். அதனால் இலை செழிக்கும். பூவும் காயும் பின்தங்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கூடவே வந்து சேரும். உங்கள் உழைப்பை நீர் பாய்ச்சுவதில் காட்டுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் தக்காளியின் தோல் வெடிக்கும், பழத்தின் அடிப்பகுதி கருத்து அழுகும். 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காக, தண்டைத் தொடாமல் பரப்பினால் ஈரம் ஒரே நிலையில் நிற்கும். மழையில் மண் தெறித்துக் காயிலும் பூவிலும் ஒட்டுவதும் குறையும். பூச்சிமருந்து அடிக்கவேண்டி வந்தால், அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று உறையில் போட்டிருப்பதைப் பின்பற்றுவதோடு, இலையில் வெள்ளைப் புள்ளியாகப் படியும் கறை போட்டி நாள்வரை தங்கிவிடாதபடி முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

காய்கறித் தட்டில் பெரியது வெல்லும் என்ற எண்ணத்தைக் குழுவில் எப்படியாவது களைந்தாக வேண்டும். எடைக்கென்றே தனிப் பிரிவு இருந்தால் ஒழிய, நடுவரின் கண் தேடுவது ஒருசீரான தன்மையைத்தான். நான்கு பழங்கள் உள்ளங்கை அளவிலும் ஐந்தாவது அதைவிடப் பெரிதாகவும் இருந்தால், அந்தப் பெரிய பழமே தட்டின் குறை. அளவு, வடிவம், நிறம், பழுத்த பதம் ஆகிய நான்கிலும் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவைபோல் இருக்கும் ஐந்தைப் பொறுக்குவதற்கு, 20 பழங்களையும் வெள்ளைத் துணியில் பரப்பி, முதலில் மிகச் சிறந்த ஒன்றை எடுத்து, அதற்கு இணையாக மற்ற நான்கைத் தேடுவது எளிய வழி. காம்பும் அதை ஒட்டிய பச்சை இதழ்களும் வாடாமல் பழத்தோடு இருக்கட்டும். திராட்சை, வெள்ளரி போன்றவற்றின் தோலில் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய வெண்பூச்சைத் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். அது பறித்த பதத்தைக் காட்டும் அடையாளம், விரல் பட்ட இடமெல்லாம் தடமாகத் தெரியும். ஆகவே காம்பைப் பிடித்தே தூக்க வேண்டும். கிழங்கு வகைகளை மென்மையான துணியால் ஓடும் நீரில் கழுவலாம். தூரிகை போட்டால் தோலில் கீறல் விழும், அந்தக் கீறல் சில மணி நேரத்தில் கருத்துவிடும்.

பூவை முந்தின நாள் மாலையிலோ அன்றைய விடியற்காலையிலோ வெட்டுங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் அமிழும் பகுதியின் இலைகளை நீக்கி, கழுத்தளவு நீரில் குளிர்ந்த இருட்டறையில் சில மணி நேரம் நிறுத்திவிட்டால், அது மேசையில் நாள் முழுவதும் தலை தொங்காமல் நிற்கும். ரோஜாவைப் பாதி விரிந்த நிலையில் வெட்டினால், நடுவர் வரும் நேரத்துக்குச் சரியாக மலர்ந்திருக்கும்.

குழுத் தோட்டப் பிரிவில்தான் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அங்கே பரிசு செடிக்கு மட்டுமன்று, 16 பேர் சேர்ந்து ஒரு நிலத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கும்தான். நடுவர் நுழைவாயிலிலிருந்து எந்த வழியாக நடப்பார் என்பதை முடிவுசெய்து, தோட்டத்துக்குப் பழக்கமில்லாத ஒருவரை அவ்வழியே நடக்கவிட்டு, அவர் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். ஓட்டையான வாளியும் அறுந்த குழாயும் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். புதியவருக்கு முதலில் தெரிவது அவைதாம். சக்கர நாற்காலியில் வருபவரும் செல்லும்படி முதன்மைப் பாதை 90 சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். மட்குக் குழியை மறைக்காமல் முன்னிலைப்படுத்துங்கள்: இப்போது சேர்ப்பது, பாதி மட்கியது, பயன்படுத்தத் தயாரானது என்று மூன்று நிலைகளையும் அடுத்தடுத்து வைத்தால், நடுவர் கடைசிக் குவியலில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார், நான் எப்போதும் பார்ப்பேன். அதில் மழைக்குப் பிந்தைய மண்வாசனை வர வேண்டும். புளித்த வாடை வந்தால் ஈரக்கழிவு மிகுந்துவிட்டது என்று பொருள். பச்சைக்கழிவு ஒரு பங்குக்கு உலர்ந்த இலை இரண்டு மூன்று பங்கு சேர்த்துக் கிளறிவிட்டால், 12 வாரத்துக்குள் அதைச் சரிசெய்துவிடலாம்.

ஆளுக்கொரு யோசனை என்பதற்கு, ஆளுக்கொரு பொறுப்பு என்பதே மருந்து. விதிமுறைக்கு ஒருவர், நாட்குறிப்புக்கு ஒருவர், நீர் முறைக்கு நான்கு பேர், பாத்திகளுக்கு மற்றவர்கள் என்று பிரித்து, அந்தந்தப் பொறுப்பில் அவரவர் சொல்லே இறுதி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். நாட்குறிப்பில் விதைத்த நாள், பிஞ்சு பிடித்த நாள், மழை, நோய் எல்லாம் பதியட்டும். நடுவர் கேள்வி கேட்கும்போது யாரும் நினைவிலிருந்து திணறத் தேவையில்லை. நடுவருடன் நடந்து விளக்க இரண்டு பேர் போதும். அந்த இருவரில் ஒருவராவது புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால், குழு புதியவர்களை எப்படிப் பழக்குகிறது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

கொண்டுபோகும்போது ஒவ்வொரு காயையும் மென்தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஒரே அடுக்காக அட்டைப்பெட்டியில் வையுங்கள். பூத்தண்டுகள் நீருள்ள வாளியில் ஒன்றையொன்று உரசாதபடி நிற்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு உபரி இருக்க வேண்டும், வழியில் அடிபடுவதற்காக. மேசையில் அடுக்கி முடித்ததும், அடுக்கியவர் அல்லாத ஒருவர் விதிமுறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கையையும் பிரிவு அட்டையையும் சரிபார்க்கட்டும். உபரிப் பெட்டியை உடனே மூடி மேசைக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.