ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா? மதுரை சர்வீஸ்காரர் கேள்வி பதில்

வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லோவாயிடுச்சு, ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற மென்பொருள்) மாத்திப் போடலாமான்னு கேட்டவங்களுக்கு இன்னிக்கு ஒரே இடத்துல பதில் சொல்றேன். மதுரையில சர்வீஸ் பார்க்கிறவன் நான். முதல்லயே சொல்லிடுறேன், ஃபார்மட் அடிக்கிறது, அதாவது டிஸ்க்கை அழிச்சு விண்டோஸைப் புதுசாப் போடுறது, கடைசி வேலை. இனிமே கேட்கிறவங்க ரேம், ஹார்ட் டிஸ்க் விவரத்தோட கேளுங்க. "பழைய சிஸ்டம்ணே"னு மட்டும் சொன்னா நான் ஜோசியம்தான் பார்க்கணும்.

அனுப்பானடியிலிருந்து: அண்ணே, ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. கடையில ஃபார்மட் போட்டு வாங்கினேன், ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. மறுபடி போடவா?

போடாதீங்க தம்பி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். ஒண்ணும் திறக்காம சும்மா இருக்கும்போதே "டிஸ்க்" பத்தியில 100% நிக்குதா பாருங்க. நின்னா குத்தம் விண்டோஸ் மேல இல்ல, ஹார்ட் டிஸ்க் மேல. பெரிய படம் ஒண்ணைக் காப்பி பண்ணும்போது அது செகண்டுக்கு 100 எம்பி கூடத் தரும். ஆனா விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைத் தேடும். உள்ளே சுத்துற தட்டு மேல முள்ளு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடி ஓடி எடுக்கணும். அப்போ வேகம் ஒண்ணு ரெண்டு எம்பிக்கு விழுந்துடும். இதுல அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் பின்னாடி ஓடிச்சுன்னா கேட்கவே வேணாம். ஃபார்மட் போட்ட புதுசுல அந்தச் சுமை குறைவு, அதான் ரெண்டு மாசம் நல்லா ஓடியிருக்கு.

256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு, முள்ளு இல்லாத வேகமான டிஸ்க்) ஒண்ணு, டிடிஆர்3 ரேம் இன்னொரு 4 ஜிபி வாங்குங்க. எஸ்எஸ்டியில புதுசா ஓஎஸ் போடுங்க, பழைய டிஸ்க்கை ஃபோட்டோ, படத்துக்கு வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற மென்பொருளைப் போட்டுப் பழைய டிஸ்க்கோட ஆரோக்கியத்தைப் பாருங்க. மஞ்சள்ல எச்சரிக்கை காட்டினா உள்ளதையெல்லாம் உடனே வேற இடத்துக்கு மாத்திட்டு அதைத் தூக்கிப் போடுங்க.

முக்கியமா, எஸ்எஸ்டியில ஓஎஸ் போடும்போது பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிடுங்க. எது எந்த டிஸ்க்னு குழம்பி, பிள்ளைங்க ஃபோட்டோ இருக்கிறதை அழிச்சிட்டு வந்து நிக்கிறவங்கதான் எங்க கடைக்கு அதிகம்.

திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர்: சார், ஃபோட்டோ எல்லாம் டெஸ்க்டாப்ல இருக்கு. சி டிரைவை மட்டும்தானே ஃபார்மட் பண்ணுவாங்க, ஒண்ணும் ஆகாதே?

டீச்சரம்மா, டெஸ்க்டாப்பே சி டிரைவுக்குள்ளதான் இருக்கு. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே அங்கதான். சி போனா அத்தனையும் போயிடும். முதல்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. எடுத்ததுல பத்துப் படத்தைத் திறந்து பாருங்க, பேர் மட்டும் வந்து படம் வராம இருக்கிறதும் உண்டு.

டி டிரைவும் தானா தப்பிச்சுக்கும்னு நினைக்காதீங்க. விண்டோஸ் போடுற திரையில சி, டின்னு எழுத்து வராது. "டிரைவ் 0 பார்ட்டிஷன் 3"னு வரிசையாத்தான் நிக்கும். அளவை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும். அதனால ஒவ்வொரு டிரைவும் எத்தனை ஜிபின்னு முன்னாடியே தாள்ல எழுதி வச்சுக்கோங்க.

புது லேப்டாப்பா இருந்தா டிஸ்க்குக்கு பிட்லாக்கர்ங்கிற பூட்டு இருக்கலாம். அதைத் திறக்கிறது 48 இலக்கச் சாவி. பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும், எடுத்து வச்சுட்டு அப்புறம் கை வைங்க.

மேலூர், டிடிபி கடை: அண்ணே, ஃபார்மட் போட்டதும் கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா, அரைப்புள்ளியும் கமாவுமா வருது. வைரஸா? சீசன் நேரம்ணே, வயித்தைக் கலக்குது.

வைரஸ் இல்ல தம்பி, பயப்படாதீங்க. ஃபைல்ல இருக்கிறது மாறவே இல்ல. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சது. எழுத்துரு இல்லேன்னா அடியில இருக்கிற இங்கிலீஷ் வெளியே தெரியும். அதே எழுத்துருவைத் திரும்பப் போடுங்க, பொண்ணு மாப்பிள்ளை பேர் பழையபடி வந்துடும். ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு இருந்தாப் பத்தாது. பாமினியில அடிச்சதை வானவில்ல திறந்தா வேற கூத்து நடக்கும்.

மத்த டிடிபிக்காரங்க ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசா காப்பி எடுத்துக்கோங்க. விண்டோஸ் 10ல ஒரு ஆளுக்குன்னு மட்டும் ஏத்தின எழுத்துரு அங்க இருக்காது, யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டாவுல ஒளிஞ்சிருக்கும். அதையும் பார்த்துடுங்க. முடிஞ்ச வேலைக்கு எல்லாம் பிடிஎஃப் ஒண்ணு போட்டு வைங்க, எழுத்துரு போனாலும் அச்சடிக்கலாம்.

"யூனிகோடுக்கு மாறுங்க"ன்னு அறிவுரை சொல்றது சுலபம். தமிழ் எழுத்துக்குன்னே தனி இடம் கொடுத்த பொது முறை அது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது, அதை வச்சுப் பிழைக்கிற கடைக்காரர் பாமினியை எப்படி விடுவார்? வீட்டுல கடுதாசி அடிக்கிறவங்க தாராளமா மாறலாம். தமிழ் 99 கீபோர்டு இப்போ விண்டோஸ்லயே இருக்கு. பழைய விசைப்பலகை பழகின கைக்கு என்எச்எம் ரைட்டர்னு ஒரு மென்பொருள் இருக்கு.

உசிலம்பட்டி, கல்லூரி மாணவி: அண்ணா, அக்கா பிளஸ் டூ முடிச்சப்போ கவர்மென்ட்ல கொடுத்த லேப்டாப், 2 ஜிபி ரேம். விண்டோஸ் 10 போட்டு உயிர் போகுது. தூக்கிப் போட மனசு வரல.

தூக்கிப் போடாதம்மா. 2011ல தொடங்கின அந்தத் திட்டத்துல ஆரம்பத்துல வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸ்ங்கிற இன்னொரு ஓஎஸ்ஸும் சேர்ந்தே இருந்துச்சு. அந்த ஓஎஸ் நம்ம சென்னை சி-டாக்ங்கிற மத்திய அரசு நிறுவனம் செஞ்சது. நிறையப் பேர் அதைத் திறந்தே பார்க்கல. இப்போ அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான ஓஎஸ் போட்டுப் பாரு. குறைஞ்சது 2 ஜிபி ரேம் கேட்குது, 4 இருந்தா நல்லா ஓடும். பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்த்துட்டுப் பிடிச்சா மட்டும் உள்ளே ஏத்தலாம். பிரௌசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ பாடம் எல்லாம் ஓடும். எத்தனை டேப் திறக்கிறேங்கிறதுல மட்டும் சிக்கனமா இரு.

செல்லூர்: தம்பி, மத்தியானம் ஆனா தானா அணைஞ்சு போகுது. காலையில நல்லா ஓடுது. விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னு பையன் சொல்றான்.

ஐயா, விண்டோஸுக்குக் காலை, மத்தியானம் தெரியாது. சூடு அது. பக்கத்துல தறி ஓடுதா? செல்லூர்ல இருந்து வர்ற சிபியுவைத் திறந்தா, பிராசஸர் ஃபேனுக்கு அடியில பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சு கிடக்கும். ஊதித் துடைச்சு, பிராசஸர் சூட்டைக் கடத்துற பேஸ்ட்டைப் புதுசாத் தடவச் சொல்லுங்க. ஓஎஸ் மேல கை வைக்கவே வேணாம்.

கீழமாசி வீதி, மளிகை மொத்த வியாபாரம்: டேலி கணக்கு, ஜிஎஸ்டிக்குப் போடுற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ரெண்டும் ஃபார்மட்ல போயிடுமா?

டோக்கனுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. சாவி அந்த யூஎஸ்பிக்குள்ளயே இருக்கு, டிரைவரை மட்டும் திரும்பப் போடணும். டேலிதான் கவனம். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிற திரையில டேட்டா எந்த இடத்துல இருக்குன்னு பாதை காட்டும், அந்த ஃபோல்டரைப் பென்டிரைவ்ல ஒண்ணு, வேற கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு வைங்க. வேற கம்ப்யூட்டர்ல திறந்து கடைசி பில் நம்பர் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு அப்புறம் ஃபார்மட் போடச் சொல்லுங்க. டேலி லைசென்ஸையும் முன்னாடியே சரண்டர் பண்ணிடுங்க, அதாவது திருப்பிக் கொடுத்துடுங்க. கரண்ட் ஷட்டவுன் அறிவிச்ச நாள்ல மட்டும் இந்த வேலையைத் தொடாதீங்க.

வில்லாபுரம்: விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுங்கறாங்களே, 11 போட்டே ஆகணுமா?

2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் நின்னுடுச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸை பேக்கப் பண்ணினா, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாம வரும். 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டர்ல வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். ரூஃபஸ்ங்கிற மென்பொருளை வச்சு அந்தத் தடையைத் தாண்டி ஏத்துறாங்க. படம் பார்க்கிற சிஸ்டத்துக்குப் பரவாயில்ல, பேங்க் வேலை பார்க்கிற சிஸ்டத்துல நான் செய்ய மாட்டேன்.

அதே வில்லாபுரத்துக்காரர்: ஆக்டிவேஷனுக்குத் தனியாக் காசு கேட்கிறாங்க.

ஏற்கெனவே ஒரிஜினல் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்த மதர்போர்டா? அப்போ அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட் கொடுத்தாப் போதும், தானா ஆயிடும். கீ கேட்கிற இடத்துல "என்கிட்ட கீ இல்லை"ன்னு தாண்டிப் போங்க. ஹோம் இருந்த இடத்துல புரோ போட்டுட்டாத்தான் மறுபடி கீ கேட்கும்.