பேக்கிங் பட்டை நார் நாரா பிரியுது, என்ன பண்றது?

கேள்வி: சின்னதா பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஸ்ட்ராப் யூனிட் வச்சிருக்கேன். பட்டை இன்னும் ஸ்ட்ராங்கா வரட்டும்னு ரெண்டாவது ரோலர் ஸ்பீடை ஏத்துனேன், இப்ப பட்டை வெளுத்துப்போய், இறுக்கிக் கட்டுனா நீளவாக்குல நார் நாரா பிரியுது. மெட்டீரியல் மட்டமா?

மெட்டீரியலை அப்புறம் பாப்போங்க, முதல்ல சந்தேகம் அந்த ஸ்பீடு மேலதான், ரெண்டாவது ரோலர் வேகமா சுத்தச் சுத்த பட்டை அதிகமா இழுபடும்.

உருகுன பிபி தண்ணி டேங்க்ல ஆறும்போது அதோட நீள நீளமான மூலக்கூறு சங்கிலிங்க புடவைக் கொசுவம் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு மெல்லிசு தகடா அடுக்கிக்கும், இதான் கிரிஸ்டல், ஒரு தகடு கனம் சுமார் 10 நானோமீட்டர்தான். தகடுங்களுக்கு நடுவுல மடியாத சங்கிலிங்க சிக்கு விழுந்த நூலாட்டம் கிடக்கும், அதுல சிலது மட்டும் ஒரு முனை இந்தத் தகட்டுல மறுமுனை அந்தத் தகட்டுலன்னு மாட்டியிருக்கும். பட்டையோட உயிரே அந்தச் சிலதுலதான் இருக்கு.

இழுத்தா முதல்ல சிக்கு நூல் நீளும், விட்டா சுருங்கிடும். இன்னும் இழுத்தா தகடுங்க சாயும், சங்கிலி வழுக்கும், ஒரு கட்டத்துல தகடே துண்டு துண்டா உடைஞ்சு கொசுவம் பிரிஞ்சு இழுக்குற திசையில நாரா மறுபடி அடுக்கிக்கும். கேரி பேக் காதை மெதுவா இழுத்தா ஒரு இடத்துல ஒல்லியா கழுத்து விழுந்து பரவுதே, அதேதான். இப்ப நீளவாக்குல பாரம் தாங்குறது சங்கிலிக்குள்ள இருக்குற கார்பன் பாண்டு (பிணைப்பு), அதனால பலம் ஏறுது, ஆனா ஒரு நாரைப் பக்கத்து நாரோட பிடிச்சிருக்கிறது ரொம்ப சொற்பமான ஈர்ப்புதான். அளவுக்கு மீறி இழுத்தீங்கன்னா நாருக்கு நடுவுல பொடி ஓட்டைங்க விழும், அதுல வெளிச்சம் சிதறுறதுதான் நீங்க பாக்குற வெளுப்பு.

அதனால ரெண்டாவது ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் துண்டு வெட்டி மடிச்சு முறுக்கிப் பாருங்க. இழுக்குறதுக்காக பட்டையைச் சூடாக்குற ஓவன்ல சூடு பத்தலைன்னாலும் சங்கிலி வழுக்காம ஓட்டைதான் விழும், ஆனா பிபி 165 டிகிரி பக்கம் உருகிடும், அதை நெருங்க விடாதீங்க. டேங்க் தண்ணி சூடேறாம பாத்துக்கோங்க, சட்டுனு ஆறுனாத்தான் கிரிஸ்டல் சின்னதா இருந்து நல்லா இழுபடும். எல்எல்டிபிஇ (ஒரு வகை மெதுவான பாலிதீன்) கொஞ்சமா கலந்தாலும் பிரியுறது குறையும்.

இவ்வளவும் பண்ணியும் பிரிஞ்சா ஸ்கிராப் எவ்வளவு கலக்குறீங்கன்னு பாருங்க, திரும்பத் திரும்ப உருக்குற பிபியில சங்கிலி அறுந்து குட்டையாகிடும், குட்டைச் சங்கிலிக்கு ரெண்டு தகட்டை எட்டிப் பிடிக்க நீளம் பத்தாது.